வாலைப் பிடித்தவள்

அத்தியாயம் 14

போன வாரம் எல்லப்பன் தன் மனைவியை அறைந்த அறைக்கு ஐம்பத்துச் சொச்சம் கடிதங்கள் வந்து குவிந்திருக்கின்றன. திண்டிவனத்து வாசகி ஒருவர் 'அந்தக் கை அழுகிப் போக' என்று ஒற்றை வரியில் கார்டு போட்டிருக்கிறார். எதிர்க்கட்சியும் இல்லாமல் இல்லை. 'புருஷனுடைய சாமானை எடுத்து நெய் டப்பாவை நெம்பினால் அவனுக்குக் கோபம் வராதா?' என்று கேட்கிறார் ஒரு பெரியவர். வரட்டும் ஐயா, தாராளமாக வரட்டும். இந்த வாரத்தையும் படித்துவிட்டு இன்னொரு கார்டு போடுங்கள்.

இன்றைக்குத்தான் இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லப்பன் செங்கல்பட்டுக்காரன். கல்பாக்கம் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டர்னர். லேத்தில் அவன் கை வைத்தால் ஒரு நூல் பிசகாது. வீட்டில் அவன் கை வைத்தால் ஏதாவது ஒன்று உடையும். ஒன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ரிமோட் விமானம் விடுகிறான்.

மனைவி பெயர் அமிர்தவல்லி. தம்பி பெயர் சீனு. அம்மா செத்தபோது சீனுவுக்குப் பதினொரு வயசு. அதே வருஷம் மருமகளாக வந்த அமிர்தவல்லிதான் அவனுக்குத் தலை வாரிவிட்டு, சோறு கட்டிக் கொடுத்து ஆளாக்கினாள். பதினாறு வருஷம் ஓடிவிட்டது. இப்போது அவன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான், ஊரப்பாக்கத்தில் தனியாக வீடு எடுத்திருக்கிறான்.

போன செவ்வாய்க்கிழமை, எஞ்சினின் ஊசித் திருகைத் திருப்புகிற சின்னத் திருப்புளியால் அமிர்தவல்லி நெய் டப்பா மூடியை நெம்பினாள். எல்லப்பன் அவளை இடது காதோடு சேர்த்து அறைந்தான். காதிலிருந்து ரத்தம் வந்தது. அங்கேதான் நிறுத்தியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் சீனு வந்து நின்றான். எல்லப்பன் வாசலில் வேனுக்குள் விமானத்தின் இறக்கைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். சீனு நேராகச் சமையலறைக்குப் போனான்.

"அண்ணி, காதுல இன்னா பஞ்சு?"

"தலைக்கு ஊத்திக்கும்போது தண்ணி பூந்துச்சு."

"தண்ணி பூந்தா பஞ்சு செவப்பாவா கீது?"

அமிர்தவல்லி முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள். தாளித்துக்கொண்டிருந்த புளிசாதத்தைக் கிளறினாள்.

"எதிர் வூட்டு டீச்சரம்மா போன் பண்ணிட்டாங்களா?" என்றாள்.

"பண்ணாங்க. அதுக்குத்தான் வந்தேன். ரெண்டு பொடவ எடுத்து வெச்சுக்க. இன்னிக்கு என்கூட ஊரப்பாக்கம் வர்ற. நாளைக்கு காது டாக்டரப் பாக்குறோம். அப்பால நீ இந்த வூட்டுக்கு வர வோணாம்."

"உங்கண்ணன் சும்மா வுட்டுடுவாரா?"

"அவரு மூஞ்சிக்கு நேரா நானே சொல்றேன்."

"வோணாம் சீனு. நீ சொன்னா வெட்டுக் குத்துல முடியும். எஞ்சினு டியூன் ஆவட்டும். அது சரியா பாடுச்சுன்னா அவரு சிரிப்பாரு. அந்த நேரம் பாத்து, ரெண்டு நாள் இருந்துட்டு வரேன்னு நானே கேட்டுக்கறேன்."

"ரெண்டு நாளா?"

"மொதல்ல வாசப்படி தாண்டணும்ல?" என்றாள் அமிர்தவல்லி. சத்தம் வராமல் டிபன் பாக்ஸை மூடினாள்.

சீனு தலையாட்டினான். சாயங்காலத்துக்குள் அண்ணி இந்த வீட்டை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். அவனுக்கு அன்றைக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அதற்காக வாயை மூடிக்கொண்டிருக்கவும் தயாராக இருந்தான். ஆனால் அவனும் அந்த வீட்டு ரத்தம்தானே, எத்தனை நாழி மூடிக்கொண்டிருப்பான்?

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, இழுத்து மூடிய இறால் பண்ணை ஒன்றின் பின்னால் ஒரு பொட்டல் இருக்கிறது. உப்புப் பூத்த கெட்டித் தரை. ஆடு கூட மேயாது. விமானம் ஓடி எழும்ப அதைவிடத் தோதான இடம் அந்தக் கரையில் கிடையாது. சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் கடல் கேட்டுக்கொண்டிருந்தது. காலை ஒன்பது மணிக்கே அக்னி வெயில் தலையைப் பிளந்தது.

விமானம் ஒன்றும் விளையாட்டுப் பொம்மை இல்லை. இறக்கை மட்டும் ஏழரை அடி. புல் வெட்டுகிற மெஷினிலிருந்து கழற்றிய பெட்ரோல் எஞ்சினை எல்லப்பன் தன் கையாலேயே லேத்தில் கடைந்து, மாற்றி, மூக்கில் பொருத்தியிருந்தான். அதன் முன்னால் இருபது அங்குல மர ப்ரொப்பல்லர். முழு வேகத்தில் சுற்றும்போது அது கண்ணுக்கே தெரியாது. காற்றில் ஒரு மங்கல் வட்டம் மட்டும் தெரியும். ஓரத்துக்கு எல்லப்பன் மஞ்சள் பெயிண்ட் அடித்து வைத்திருந்தான்.

டியூன் பண்ணும்போது மூன்று பேருக்கு மூன்று வேலை. எல்லப்பன் ப்ரொப்பல்லருக்குப் பின்னால் பக்கவாட்டில் குந்தி, கார்புரேட்டரின் இரண்டு ஊசித் திருகுகளையும் திருப்பிப் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைப்பான். சீனு ரிமோட்டைக் கழுத்துப் பட்டையில் மாட்டிக்கொண்டு இறக்கை நுனிக்குப் பின்னால் நிற்பான். அமிர்தவல்லி வால் பக்கம் தரையில் உட்கார்ந்து, புடவையைச் சுருட்டிக் காலுக்கு அடியில் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் விமானத்தின் உடலைக் கட்டிப் பிடித்துக்கொள்வாள். எஞ்சின் இழுக்கிற இழுப்புக்கு ஆண்பிள்ளைகளே தடுமாறுவார்கள். ஒன்பது வருஷத்தில் அவள் ஒரு தடவைகூடக் கை நழுவ விட்டதில்லை.

அந்தச் சத்தத்தில் வளவளவென்று பேச முடியாது. அதனால் அங்கே மூன்றே சொற்கள்தான். 'குடு' என்றால் சீனு வேகத்தை ஏற்ற வேண்டும். 'கொற' என்றால் இறக்க வேண்டும். 'வுடு' என்றால் அமிர்தவல்லி வாலை விட வேண்டும், விமானம் ஓடும். சட்டம் ஒன்றும் உண்டு. எஞ்சின் ஓடும்போது ப்ரொப்பல்லருக்கு முன்னால் யாரும் போகக் கூடாது. சட்டம் போட்டவனும் எல்லப்பன்தான்.

அடுத்த ஞாயிறு படூர் பக்கம் ஒரு காலேஜில் ஆண்டு விழா. எல்லப்பன் அங்கே விமானம் விட ஒத்துக்கொண்டிருந்தான். செங்கல்பட்டு வீட்டுப் பின்புறத்தில் எஞ்சின் ஒழுங்காகத்தான் ஓடியது. இந்தக் கடல் காற்று ஈரத்துக்கு அது இருமியது.

எல்லப்பன் தோல் கையுறை மாட்டி ப்ரொப்பல்லரைச் சுண்டினான். நாலாவது சுண்டலில் 'பட்' என்று ஒரு வெடி. அடுத்த சுண்டலில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. டூ-டி ஆயில் கலந்த பெட்ரோல் புகை மூன்று பேர் மூக்கிலும் ஏறியது. இரண்டு நிமிஷம் சூடாக விட்டான். கையுறையைக் கழற்றித் திருப்புளியை எடுத்தான்.

"குடு!"

சீனு ரிமோட்டின் வேகக் குச்சியை மேலே தள்ளினான். எஞ்சின் அலறியது. அமிர்தவல்லி பின்னால் சாய்ந்து குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். எல்லப்பன் முழு வேகத்துக்கான 'ஹை' ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான். பெட்ரோல் குறையக் குறையச் சத்தம் மெலிந்து கூர்மையாகி மேலே ஏறியது. உச்சத்துக்குப் போய் நடுங்கத் தொடங்கியபோது அரைக்கால் திருப்பு பின்னால் தளர்த்தினான். சத்தம் நிலைத்தது. அதற்கு மேல் இறுக்கினால் எஞ்சின் சூடேறி இறுகி நின்றுவிடும். அந்த அரைக்கால் திருப்பில் எல்லப்பனை யாரும் குறை சொல்ல முடியாது.

"கொற!"

வேகம் இறங்கியது. எஞ்சின் மெதுவாகப் 'பொட பொட' என்றது.

"டக்குனு குடு!"

எஞ்சின் 'கக்' என்று தொண்டை அடைத்து நின்றுபோனது.

அது மெதுவோட்டத்துக்கான 'லோ' ஊசியின் கோளாறு. அதையும் சரி செய்தால் வேலை முடிந்தது. ஆனால் அந்த ஊசியின் தலை ஆழத்தில் இருக்கிறது. திருப்புளி அதன் வெட்டில் உட்காராமல் வழுக்கியது. இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணினான், வழுக்கியது. இன்னொரு தடவை. மூன்றாவது தடவை நின்றபோது, எல்லப்பன் திருப்புளியின் நுனியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். நுனி மழுங்கியிருந்தது.

எழுந்து வால் பக்கம் வந்தான்.

"பாருடி. இன்னா பண்ணி வெச்சிருக்கன்னு பாரு. நெய்யி துன்ற நாக்கு ஒனக்கு."

வாலைப் பிடித்திருந்த கைகளின் விரல் முட்டியில் அந்தத் திருப்புளியின் கைப்பிடியாலேயே அடித்தான். ஒரு தடவை அடித்துவிட்டு, எலும்பு சரியாக அகப்படவில்லை என்பதுபோல இன்னொரு தடவை பார்த்து அடித்தான். அமிர்தவல்லி கையை எடுக்கவில்லை. அழவும் இல்லை. அவள் முட்டியில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"அண்ணா!" என்றான் சீனு.

"நீ வாய மூடு. ரிமோட்ட புடி."

எல்லப்பன் முனையை ஒரு கல்லில் தேய்த்துக்கொண்டு வந்தான். நாலாவது தடவை எஞ்சின் கிளம்பியது. மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. 'லோ' ஊசியை அரைக்கால் தளர்த்தினான். இந்தத் தடவை திருப்புளி உட்கார்ந்தது. எஞ்சின் சத்தம் சமனாகி, ஒழுங்காகத் தாளம் போட்டது. எல்லப்பன் முகத்தில் சிரிப்பு வந்தது. அமிர்தவல்லி காத்திருந்த சிரிப்பு.

அவள் வாயைத் திறப்பதற்குள் சீனு திறந்துவிட்டான். உரிந்த முட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றவனுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"அண்ணா, அண்ணிய நான் இன்னிக்கு இட்டுகினு போறேன். இனிமே அது ஒன் வூட்டுக்கு வராது."

எல்லப்பன் குந்தியபடியே நிமிர்ந்து பார்த்தான். "இன்னா சொன்ன?"

"காது கிழிஞ்சு கீது. இப்ப கையி. அடுத்து நீ அத்த கொன்னுடுவ. நான் இட்டுகினு போறேன்."

"எம் பொண்டாட்டிய இட்டுகினு போவ நீ யார்ரா?"

"அது கையால துன்னு வளந்தவன்."

எல்லப்பன் எழுந்தான். விமானத்தின் மூக்கைச் சுற்றி வந்து ரிமோட் தொங்கிய கழுத்துப் பட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். சீனு தடுமாறியபடி விமானத்துக்கு முன்னால் வரை இழுபட்டு வந்து விழாமல் நின்றான். முதல் குத்து மூக்கில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் எஞ்சின் ஓடும்போதும் கேட்டது. இரண்டாவது குத்து வாயில். சீனு திருப்பி அடிக்கவில்லை, தடுக்கத்தான் கை தூக்கினான். எல்லப்பன் பட்டையை முறுக்கினான். அது சீனுவின் குரல்வளையை நெரித்தது. முகம் கறுத்து, கண் பிதுங்கியது.

அண்ணனும் தம்பியும் நின்ற இடத்தைச் சொல்கிறேன், கவனித்துக்கொள்ளுங்கள். ப்ரொப்பல்லருக்கு நேர் முன்னால், நாலு முழ தூரத்தில். எல்லப்பனின் முதுகு ப்ரொப்பல்லரைப் பார்த்து இருந்தது.

மூச்சுக்குத் தவித்த சீனுவின் கட்டைவிரல் ரிமோட் குச்சியில் மாட்டிக்கொண்டு அதை மேலே தள்ளிவிட்டது. எஞ்சின் முழு வேகத்துக்குப் போனது. இந்தத் தடவை இருமல் இல்லை, அடைப்பு இல்லை. ஒரே மூச்சில் ஏறியது. எல்லப்பன் அவ்வளவு நன்றாக டியூன் பண்ணியிருந்தான்.

விமானம் முன்னால் பாயத் துடித்தது. அமிர்தவல்லியின் குதிகால் உப்புத் தரையைக் கீறிக்கொண்டு அரை அடி நகர்ந்தது. அப்படியும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வுடு... ண்ணா... வுடு!" என்று சீனு கத்தினான். கழுத்தை விடச் சொன்னான்.

அந்தச் சத்தத்தில்தான் எல்லப்பனுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உறைத்தது. சட்டென்று திரும்பினான். மஞ்சள் வட்டத்துக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தான்.

"வுடாத! ஏய், வுடாதடி!"

இரண்டு சொல்லும் ஒரே நொடியில். விமானம் கிளம்பிவிட்டது.

எல்லப்பன் கையை முன்னால் நீட்டினான். ஓடி வருகிற மாட்டைத் தடுக்க நீட்டுவார்களே, அப்படி. ப்ரொப்பல்லர் அந்தக் கையில் நுழைந்தது. கத்தியால் வெட்டுவதுபோல ஒரு வெட்டு இல்லை அது. நொடிக்கு நூறு வெட்டு. ரத்தம் சீனுவின் முகத்தில் தெறித்தது, விமானத்தின் வெள்ளை இறக்கையில் தெறித்தது. விமானம் எல்லப்பனின் தோளை இடித்துத் தள்ளி, பக்கவாட்டில் புரண்டு, மூக்கைத் தரையில் குத்தி நின்றது. ப்ரொப்பல்லர் துண்டாக உடைந்தது. எஞ்சின் நின்றுபோனது.

பொட்டலில் கடல் சத்தம் திரும்ப வந்தது.

எல்லப்பன் உட்கார்ந்துவிட்டான். வலது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தான். கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருந்தன. நடுவில் மூன்று இல்லை. முழங்கை வரை சதை கிழிந்து தொங்கியது. அவனுக்கு இன்னும் வலிக்கத் தொடங்கவில்லை. "வெரலு" என்றான். "என் வெரலு எங்க?"

அமிர்தவல்லி எழுந்து வந்தாள். ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். வேனிலிருந்து துண்டை எடுத்து அவன் மணிக்கட்டுக்கு மேலே இறுக்கிக் கட்டினாள். பிறகு குனிந்து தேட ஆரம்பித்தாள். உப்பிலும் மண்ணிலும் தேடி இரண்டு விரல்களை எடுத்தாள். ஒன்றில் மோதிரம் இருந்தது. டிபன் பாக்ஸில் இருந்த புளிசாதத்தைத் தரையில் கொட்டிவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கழுவி, அதற்குள் விரல்களை வைத்து மூடினாள். மூன்றாவது கிடைக்கவில்லை.

சீனு வேனை எடுத்தான். மூக்கிலிருந்து வழிந்த ரத்தத்தைத் துடைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. ரோட்டோரம் மீன் விற்கிறவர்களிடம் ஐஸ் வாங்கி டிபன் பாக்ஸைச் சுற்றிக் கட்டினார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது எல்லப்பனுக்கு வலி வந்தது. வலி வந்ததும் பழைய எல்லப்பனும் வந்துவிட்டான்.

"கொல்லப் பாத்தல்ல? என்னிய கொல்லப் பாத்தல்லடி?"

இடது கையால் அமிர்தவல்லியின் கூந்தலைப் பிடித்து, தலையை வேன் கண்ணாடியில் மோதினான். ஒரு கையில் விரல் இல்லாதவன், ரத்தம் சொட்டச் சொட்ட, இன்னொரு கையால் அடிக்கிறான். இப்படியும் பிறவி உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. அவள் டிபன் பாக்ஸை மடியில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது மோதலில் கண்ணாடி விரிசல் விட்டது.

சீனு பிரேக் போட்டான். இறங்கிப் பக்கக் கதவைத் தள்ளித் திறந்தான். அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டான். இன்னொரு அறை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அண்ணன்மீது கை ஓங்குகிறான். அடிக்கும்போது அழுதான்.

"இன்னொரு வாட்டி அது மேல கை வெச்ச, இங்கயே தள்ளி வுட்டுட்டுப் போய்டுவேன். ரத்தம் போயி செத்துடுவ."

எல்லப்பன் சீட்டில் சாய்ந்தான். தம்பியையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். "பிளானு" என்று முணுமுணுத்தான். "ரெண்டு பேரும் பிளான் போட்டுகினுதான் வந்துகீறீங்க."

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடினார். விரல்கள் நைந்து போயிருக்கின்றன, ஒட்ட வைக்க முடியாது, கையைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போவதற்கு முன்னால் எல்லப்பன் ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். போலீஸைக் கூப்பிடச் சொன்னான்.

வந்தவர் சப்-இன்ஸ்பெக்டர் ராஜேந்திரன். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருப்பவர், ஞாயிற்றுக்கிழமை வேலை தலையில் விழுந்த எரிச்சலோடு இருந்தார்.

"எழுதிக்கங்க சார்" என்றான் எல்லப்பன். "எம் பொண்டாட்டிய இட்டுகினு போறேன்னான் எந் தம்பி. நான் கூடாதுன்னேன். 'வுடு'ன்னு அவன்தான் அவளாண்ட கத்துனான். இவ வுட்டா. ரெண்டு பேரும் சேந்து என்னிய கொல்லப் பாத்தாங்க. அவன் மேல கேஸ் போடுங்க. இவள வூட்டுக்கு அனுப்புங்க. நான் வந்து பாத்துக்கறேன்."

நான் வந்து பாத்துக்கறேன். அந்த மூன்று சொல்லுக்கு அர்த்தம் அமிர்தவல்லிக்கு நன்றாகவே தெரியும்.

ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. ராஜேந்திரன் நோட்டில் சீனுவின் பெயரை எழுதினார். தகப்பன் பெயர், வயது, கம்பெனி பெயர் எல்லாம் கேட்டு எழுதினார். கொலை முயற்சி என்றால் எத்தனை வருஷம் தெரியுமா என்று கேட்டார். சீனுவின் மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்த நர்ஸ் ஜெஸ்ஸி, கையை நிறுத்தினாள்.

"சார், அண்ணனத்தான் கழுத்த வுடச் சொன்னேன்" என்றான் சீனு. "பட்டை தடம் கழுத்துல கீது, பாருங்க. எங்கண்ணிக்கு காது கேக்காது. எஞ்சினு சத்தத்துல தப்பா காதுல வுழுந்திருக்கும்."

"காது ஏன் கேக்காது?"

சீனு அண்ணியைப் பார்த்தான். அவள் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ஜெஸ்ஸி வந்து அவள் முந்தானையை விலக்கி, பஞ்சை எடுத்து, டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"சவ்வு கிழிஞ்சிருக்கு சார். புதுசுதான், ஒரு வாரம் இருக்கும். கையில காயம், தலையில வீக்கம். யாரு அக்கா இப்படி அடிச்சது?"

அமிர்தவல்லி ஸ்ட்ரெச்சர் போன கதவைப் பார்த்தாள். ராஜேந்திரனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் முகம் தெளிந்தது. கேஸ் இல்லை, கோர்ட் இல்லை, சாயங்காலத்துக்குள் வீட்டுக்குப் போய்விடலாம். மோசமான மனுஷர் இல்லை அவர். தனக்குத் தெரிந்த நல்லதைச் செய்யப் பார்த்தார்.

"சரிம்மா, ஒரு வார்த்தை சொல்லு. காது கேக்காம, தம்பி சொன்னத தப்பா புரிஞ்சிக்கினு வுட்டுட்ட. அவ்ளோதானே? விபத்துன்னு எழுதிடறேன். கையெழுத்துப் போட்டுட்டு வூட்டுக்குப் போ. ஒன் புருஷன் ஒடம்பு தேறி வந்ததும் பெரியவங்கள வெச்சுப் பேசி சமாதானமா இருங்க. ஒரு குடும்பம்னா இதெல்லாம் இருக்கும்."

"சொல்லு அண்ணி" என்றான் சீனு. "காது கேக்கலன்னு சொல்லு."

சொன்னால் சீனு தப்பித்துவிடுவான். அவளும் தப்பித்துவிடுவாள், ஜெயிலிலிருந்து. பத்து நாளில் எல்லப்பன் கட்டுப் போட்ட கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வருவான். அவன் சோற்றைப் பிசைந்து ஊட்ட ஒரு ஆள் வேண்டும். இடது கை அவனிடம் முழுசாக இருக்கிறது.

அமிர்தவல்லி எழுந்து நின்றாள். ரத்தம் காய்ந்த புடவையை ஒரு தடவை சரி செய்தாள்.

"காது கேக்கலன்னு எழுதாதீங்க சார்" என்றாள். "எடது காதுதான் போச்சு. வலது காது நல்லா கேக்குது."

"அண்ணி!"

"நீ சும்மா இரு சீனு. சார், இவன் அவர வுடச் சொன்னது எனக்குக் கேட்டுச்சு. என்னிய சொல்லலன்னும் தெரியும். அவரு வுடாதன்னு சொன்னதும் கேட்டுச்சு. ரெண்டு வாட்டி சொன்னாரு. யாரு சொல்லியும் நான் வுடல. நானாத்தான் வுட்டேன்."

ஜெஸ்ஸியின் கையிலிருந்த டார்ச் எரிந்துகொண்டே இருந்தது. ராஜேந்திரன் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார்.

"இன்னா சொல்றன்னு தெரிஞ்சுதான் சொல்றியாம்மா? இத எழுதிட்டா அப்பால மாத்த முடியாது. உன்ன இப்பவே ஸ்டேஷனுக்கு இட்டுகினு போவணும்."

"போலாம் சார்" என்றாள் அமிர்தவல்லி. செருப்பை மாட்டிக்கொண்டாள். "ஸ்டேஷனுக்கு எப்ப வேணா வரேன். அந்த வூட்டுக்கு மட்டும் என்னிய அனுப்பாதீங்க."

ராஜேந்திரன் நோட்டில் அவள் பெயரை எழுதினார். மேல் வரியில் இருந்த சீனுவின் பெயரை அவர் அடிக்கவில்லை.